என்னைக் கேளாமல் வைத்த நேர்த்தி

பிக்கரிங்
3 பெப்ரவரி 2009

பெரியக்காவுக்கு,

ரெலிபோனில் கதைத்தால் இரண்டாவது வசனத்தில் நீங்கள் ரீச்சராகி விடுகிறீர்கள், மூன்றாவதில் நான் கத்திவிடுகிறேன். ஆகவே எழுதுகிறேன். காரில் இருபது நிமிடத்தில் போகக்கூடிய இடத்துக்கு முத்திரை ஒட்டிக் கடிதம் போடுகிறவன் ஒன்ராறியோவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஞாயிறு பூசை முடிந்து வெளியே வர, மரியரட்ணம் அண்ணை வாசலில் மறித்தார். பக்கத்தில் நாலைந்து பேர். "என்ன அல்பேட், அங்கை சண்டைக்குள்ளை சனம் பங்கருக்குள்ளை கிடக்குது, உங்கட அக்கா மலையிலை வழுக்கி விளையாடப் போறாவாமே? நாலு நாளாமே? ஹொட்டலாமே?" என்று கேட்டார். "அது பழைய கதை அண்ணை, அவ போகேல்லை" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் என்னைப் பொய்யன் ஆக்கக்கூடாது.

எங்கள் தங்கச்சி சின்னவளிடமிருந்து கடைசியாக அழைப்பு வந்தது தைப்பொங்கல் கிழமையில். தர்மபுரத்திலிருந்து எடுத்தாள். ஆஸ்பத்திரியை உழவு இயந்திரங்களில் ஏற்றிக்கொண்டு கிழக்கே போகிறார்கள், நோயாளிகளோடு தானும் போவதாகச் சொன்னாள். தாதிக்கு அதற்குமேல் கதைக்க எங்கே நேரம். அதன் பிறகு மரியம்மா என்ற பெயரோடு ஒரு செய்தியும் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமையே அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் நான் நேர்த்தி வைத்துவிட்டேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர் அவர்தானே. மரியம்மா உயிரோடு எங்கள் முன் வந்து நிற்கும்வரை எங்கள் குடும்பத்தில் ஒருவரும் சந்தோசத்துக்காக வாசற்படி தாண்டமாட்டோம். வேலை, கோயில், ஊர்வலம், வைத்தியர், இவ்வளவுக்கும்தான் வெளியே போவது. குடும்பம் என்றால் நான், மனைவி ரதி, நீங்கள். மூன்று பெயரையும் சொல்லித்தான் வைத்தேன்.

பனிச்சறுக்குப் பயணத்தை ரத்துச் செய்யுங்கள். அறுபத்துநாலு வயதில் உங்களுக்கு மலை எதற்கு?

அல்பேட்


ஸ்காபரோ
8 பெப்ரவரி 2009

அன்புள்ள தம்பி,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கையெழுத்து திருந்தியிருக்கிறது.

பயணத்தை நான் ரத்துச் செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், நீ கடைசிப் பக்கத்தைத் தேடிக் கஷ்டப்படக்கூடாது என்பதற்காக.

இனி ஒரு உதாரணம். பல்லைக் கடிக்காதே. ஒரு வகுப்பில் ஒரு பெடியன் இருக்கிறான். சோதனை லேசாக வரவேண்டும் என்று மாதாவுக்கு நேர்கிறான். எப்படி நேர்கிறான்? சோதனை முடியும்வரை எங்கள் வகுப்பில் ஒருவரும் இடைவேளைக்கு வெளியே போகமாட்டோம் என்று. மற்றப் பிள்ளைகள் இதைக் கேள்விப்பட்டால் என்ன நடக்கும்? சோதனைக்கு முதலே அவனுக்குப் பெறுபேறு வந்துவிடும்.

நீ மீசையை எடுப்பதாக நேர்ந்திருந்தால் சவரக்கத்தி நான் வாங்கித் தந்திருப்பேன். மீன், இறைச்சி விடுவதாக நேர்ந்திருந்தால் கிழமைக்கு இரண்டு தரம் மரக்கறி சமைத்து அனுப்பியிருப்பேன். நீ என் கால்களை அல்லவா நேர்ந்திருக்கிறாய். அவை கரும்பலகைக்கு முன்னால் நின்று நின்று நரம்பு சுருண்ட கால்கள். அவற்றைக் கேட்காமல் என்னாலேயே ஒன்றும் செய்ய முடிவதில்லை, நீ எப்படிச் செய்தாய்?

சுவாமியாரிடம் நான் இதைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் அவர் என் பக்கம்தான் சொல்வார், பிறகு நீ சுவாமியாரோடும் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போகாமல் விடுவாய்.

மலை எதற்கு என்று கேட்டாய். உன் அத்தான் போன பிறகு பதினாலாம் மாடியில் இருந்து வாகனங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சமூக நிலையத்தில் முதியோருக்குப் பனிச்சறுக்கு வகுப்பு என்று ஒட்டியிருந்தது. வயது போனவர்கள் விழப் பயப்படுவார்கள், அதனால் முதலில் விழக் கற்றுக்கொடுக்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்த வசனம் எனக்குப் பிடித்தது. போனேன்.

முதல் வருடம் பழைய சாமான் கடையில் ஸ்கீ பூட்ஸ் வாங்கினேன். எங்கள் வழக்கப்படி இரண்டு அளவு பெரிதாக. பிள்ளைகளுக்கு ஜக்கற் வாங்குகிற மாதிரி, வளர்ந்தாலும் போடலாம் என்று. அறுபத்தொரு வயதில் என் பாதம் இனி எந்தப் பக்கம் வளரப்போகிறது? உள்ளே இரண்டு சோடி கம்பளிக் காலுறை வேறு. நான் இடப்பக்கம் திரும்பினேன், பூட்ஸ் நேரே போனது. வகுப்பு எடுக்கிற பெண் கழற்றிப் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள். மெல்லிய காலுறை ஒன்றே ஒன்று. நிமிர்ந்து நின்றால் விரல் நுனி முன்பக்கத்தை மெல்லத் தொடவேண்டும், முழங்காலை மடித்தால் விலகவேண்டும். குதிக்கால் அசையவே கூடாது. சரியான பூட்ஸ் முதலில் நோகும் என்றாள். இதை நான் ஆசிரிய கலாசாலையில் படித்திருந்தால் எத்தனை பிள்ளைகளுக்குப் பிரயோசனமாக இருந்திருக்கும்.

சனவரி மாதம் போரை நிறுத்தச் சொல்லிக் கோர்த்த மனிதச் சங்கிலியில் நானும் உன்னோடுதான் நின்றேன். மறந்துவிடாதே. அன்றைக்கு ரதிக்குக் கால் விறைத்தபோது என் பையில் இருந்து கொடுத்தது ஸ்கீக் காலுறைதான். வெள்ளிக்கிழமை பதாகை பிடிப்பேன், சனிக்கிழமை மலைக்குப் போவேன். இரண்டும் என்னுடைய கால்கள்தான்.

சின்னவள் அன்றைக்கு உன்னோடு கதைத்த பிறகு எனக்கும் எடுத்தாள். நீ இதைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "அக்கா, இந்த முறையும் விழுந்தனீங்களோ?" என்று கேட்டாள். ஓம், ஒரு சீனக் கிழவரின் மேலே போய் விழுந்தேன் என்று சொன்னேன். சிரித்தாள் அல்பேட். பின்னால் என்னவோ இடிந்து விழுகிற சத்தம், அவள் சிரித்து முடித்துவிட்டுத்தான் வைத்தாள். என்னிடம் அவளுடையதாக மிஞ்சியிருக்கிறது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அதை நீ வாசற்படிக்கு உள்ளே வைத்துப் பூட்டச் சொல்கிறாய். பூட்டமாட்டேன்.

கொழுப்பு மாத்திரையை ஒழுங்காகப் போடு.

அக்கா வேரோனிக்கா


பிக்கரிங்
13 பெப்ரவரி 2009

அக்கா,

உங்கள் உதாரணங்கள் வகுப்பில் நல்லது. இது வகுப்பு அல்ல.

அந்தோனியாரிடம் கொடுத்த சொல் கொடுத்ததுதான். நான் கேட்காமல் வைத்தது பிழை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிழையாக வைத்தாலும் வைத்த நேர்த்தியை உடைத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. தெரியாதபடியால்தான் பயப்படுகிறேன். நாளைக்குச் சின்னவளுக்கு ஏதாவது நடந்தால், அன்றைக்கு நீங்கள் மலையில் நின்றீர்களா என்றுதான் நான் முதலில் கணக்குப் பார்ப்பேன். பார்க்காமல் இருக்க என்னால் முடியாது.

ரதியைப் பாருங்கள். மற்றச் சமயத்தில் பிறந்தவள், அந்தோனியாரை என்னைக் கட்டிய பிறகுதான் தெரியும். அவள் இந்த நேர்த்தியைப் பற்றி ஒரு சொல் கேட்டதில்லை. வீட்டில் சத்தமில்லாமல் நடமாடுகிறாள். அவளும் சின்னவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். துக்கம் என்றால் என்ன என்று அவளிடம் படியுங்கள்.

நீங்கள் அந்தப் பயணம் போனால் என் வீட்டு வாசலுக்கு வரவேண்டாம். இதை எழுத எனக்கு மூன்று நாள் எடுத்தது.

அல்பேட்


கொலிங்வுட்
4 மார்ச் 2009

அன்புள்ள தம்பி,

முகவரியைப் பார்த்திருப்பாய். வந்துவிட்டேன்.

ஒளித்து வரவில்லை என்று காட்டத்தான் இங்கிருந்தே எழுதுகிறேன். கிழிக்கமுதல் பனியைப் பற்றி மட்டும் வாசி, சின்னவள் என்னிடம் எப்போதும் கேட்பது அதைத்தான்.

திங்கட்கிழமை புதுப்பனி. வறுத்த அரிசிமா போல உலர்ந்து, கையில் அள்ளினால் விரலிடுக்கால் ஓடியது. அதில் விழுந்தால் நோகாது, எழும்புவதுதான் கஷ்டம். அடுத்த நாள் மழை தூறியது. மா புட்டுக்குக் குழைத்த பதத்துக்கு வந்துவிட்டது. ஸ்கீயின் அடியில் கட்டி கட்டியாகப் பிடித்துக்கொண்டு நகரவிடவில்லை. அடியில் வேறு மெழுகு பூசிக்கொண்டு திரும்பவும் போனோம். இரவு அப்படியே உறைந்தது. இன்று காலை மலை முழுவதும் தகரம். தகரத்தில் ஸ்கீயின் இரும்பு விளிம்பு கூராக இருந்தால்தான் பிடிக்கும், மொட்டையாக இருந்தால் நீ நினைத்த திசைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடையில் கொடுத்துத் தீட்டுவித்தேன். மூன்று நாளில் மூன்று மலை. பெயர் ஒன்று.

நேற்று வந்த பனிக்கு இன்று ஆயத்தமாகக்கூடாது என்பது இங்கே பாடம். நான் மெதுவாக எழுதிக்கொள்கிற மாணவி, ஆனால் எழுதிக்கொண்டேன்.

தவக்காலத்தில் களியாட்டமா என்று கேட்பாய். கம்பியில் தொங்கி மேலே போகிற கதிரையில் கால் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கிற நேரத்துக்குள் செபமாலையில் ஒரு பத்து மணி சரியாக முடியும். உச்சியில் இறங்கும்போது 'ஆமென்' சொல்லிவிட்டுத் தடியை ஊன்றுகிறேன். ஒரு நாளைக்கு எத்தனை தரம் ஏறுகிறேன் என்று நீயே பெருக்கிப் பார். பிக்கரிங் கோயிலில் இவ்வளவு செபம் நான் சொன்னதில்லை.

எங்கள் கூட்டத்தில் முதல்தரம் வந்த ஒரு பெண் இருக்கிறாள். நேற்று, அந்தப் புட்டுமாப் பனியில், பிள்ளைகள் பழகுகிற சின்னச் சரிவின் உச்சியில் இருந்து கீழே வரைக்கும் கத்திக்கொண்டே இறங்கினாள். பயத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். கீழே வந்து நின்றவள் என்னைப் பார்த்து, "இன்னொருக்கா" என்றாள். பனிக்கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கிப்போய் இருந்தது. திரும்பவும் ஏறினோம். திரும்பவும் கத்தினாள். ஒருவரும் பொலிசைக் கூப்பிடவில்லை. இவ்வளவு பெரிய வெளியில் கத்துவதற்கு இடம் இருக்கிறது, அல்பேட். எங்கள் வீடுகளில் இல்லை.

உன் வாசலுக்கு நான் வரமாட்டேன். நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றுவேன். நீ என் வாசலுக்கு எப்போதும் வரலாம், கீழே இலக்கத்தை அழுத்தினால் கதவு திறக்கும்.

அக்கா


பிக்கரிங்
9 மார்ச் 2009

அந்தப் பெண் ஆர் என்று எனக்கு இப்போது தெரியும்.

மொன்றியலில் ஒன்றுவிட்ட தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்திருக்கிறது, பத்தியம் சமைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போன ரதி, இரண்டு ஊன்றுகோலோடு வாசலில் வந்து இறங்குகிறாள். முழங்கால் பூசணிக்காய் அளவு. "படியிலை விழுந்திட்டன்" என்கிறாள். ஜக்கற் சிப்பில் மலையின் லிஃப்ற் சீட்டுகள் தொங்கிக்கொண்டிருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்றாக. கழற்றவேண்டும் என்றுகூட உங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

"உதென்ன?" என்றேன். குனிந்து பார்த்தாள். சிரித்துவிட்டாள், அக்கா. ஊன்றுகோலில் நின்றுகொண்டு சிரித்தாள். இருபத்தேழு வருடத்தில் அவள் எனக்குச் சொன்ன முதல் பொய் இது, சொல்லிக்கொடுத்தவர் ரீச்சர்.

முழங்காலில் ஒரு நார் பாதி கிழிந்திருக்கிறது. வெட்டத் தேவையில்லை, ஆனால் மாதக்கணக்கு எடுக்குமாம்.

போகட்டும். நான் பயப்படுவது அதற்கு இல்லை. அந்தோனியார் காட்டிவிட்டார். நேர்த்தியில் மூன்று பெயர், ஒருத்தியின் காலை எடுத்தார். அடுத்தது சின்னவளின் உயிர் என்றால் நீங்கள் எனக்கு எந்த உதாரணம் சொல்லுவீர்கள்?

அல்பேட்


ஸ்காபரோ
14 மார்ச் 2009

அன்புள்ள தம்பி,

பொய் நான் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆனால் தெரிந்துகொண்டு அவளைக் கூட்டிப்போனேன், உனக்குக் கடிதம் எழுதும்போது பக்கத்துக் கட்டிலில் அவள்தான் படுத்திருந்தாள். அதற்கு நீ என்னைத் திட்டு. கேட்டுக்கொள்கிறேன்.

இனி அந்தோனியாரை விட்டுவிடு. என்ன நடந்தது என்று சொல்கிறேன், கவனமாக வாசி.

பூட்ஸை ஸ்கீயோடு பிடிக்கிற பூட்டு ஒன்று இருக்கிறது. விழும்போது கால் திருகுவதற்கு முன் அது தானாகத் திறந்து காலை விட்டுவிடவேண்டும். எவ்வளவு விசைக்குத் திறக்கவேண்டும் என்று ஆளுக்கு ஆள் முறுக்கி வைப்பார்கள். நிறை, உயரம், பழக்கம், வயது எல்லாம் கேட்பார்கள். ஐம்பது தாண்டியவர்களுக்கு ஒரு படி தளர்த்தி வைப்பது முறை. மேசைக்குப் பின்னால் நின்றவர் பேனையைத் தூக்கிக்கொண்டு வயது என்ன என்று கேட்டார். ரதி "நாற்பத்தைந்து" என்றாள்.

அவளுக்கு ஐம்பத்துமூன்று என்று உனக்கும் தெரியும் எனக்கும் தெரியும். நாற்பத்தைந்து என்பது தொண்ணூறாம் ஆண்டு வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ற் கொடுத்த கள்ளக் கடவுச்சீட்டின்படி வருகிற வயது. விமான நிலையத்தில் அதைச் சொன்னாள், அகதி விசாரணையில் சொன்னாள், வேலைக்கு, வைத்தியருக்கு, குடியுரிமைக்கு, பத்தொன்பது வருடமாக அதைத்தான் சொல்கிறாள். பேனையோடு ஒருவர் கேட்டால் எங்கள் ஆட்களின் வாயில் வருவது கடதாசி வயது. நானும் பக்கத்தில் நின்றேன். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று நாக்கு தானாகவே மடிந்துவிட்டது. அந்த மனுசன் குடிவரவு அதிகாரி அல்ல, பூட்டு முறுக்குகிறவர் என்பது எனக்கு மூன்றாம் நாள்தான் உறைத்தது, அவள் தகரப்பனியில் விழுந்து, ஒரு ஸ்கீ கழன்று மற்றது கழலாமல் காலோடு திரும்பியபோது.

சரியான வயதைச் சொல்லியிருந்தால் நிச்சயம் தப்பியிருப்பாள் என்று நான் சொல்லமாட்டேன். சரியான பூட்டோடும் ஆட்களுக்கு முழங்கால் போகிறது. கணக்கு ரீச்சர் தெரியாததைத் தெரியும் என்று எழுதக்கூடாது. ஆனால் யாரைக் குற்றம் சொல்வது என்றால் வரிசை இருக்கிறது: முதலில் அந்த ஏஜென்ற், பிறகு நான், பிறகு பனி. அந்தோனியார் அந்த வரிசையிலேயே நிற்கவில்லை.

ஏன் வந்தாள் என்று நீ அவளிடம் கேட்டாயா? எனக்குத் தெரியும், கேட்கவில்லை. பெப்ரவரி கடைசியில் பஸ் எடுத்து என் வீட்டுக்கு வந்தாள். தேத்தண்ணியைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னாள்: "மச்சாள், வீட்டிலை ரீவிச் சத்தமும் இவற்ர செபமும்தான். நான் கடுகு தாளிச்சாக்கூட, என்ன கொண்டாட்டம் எண்ட மாதிரித் திரும்பிப் பாக்கிறார். எனக்கு ஒருக்காக் கத்தோணும். பிக்கரிங்கிலை கத்தினால் பக்கத்து வீட்டுக்காரி பொலிசுக்கு அடிப்பாள். நீங்கள் போற இடத்திலை கத்தலாமோ?"

கத்தலாம் என்றேன்.

அவள் மலையில் என்ன கத்தினாள் என்று நான் போன கடிதத்தில் எழுதவில்லை. "மரியம்மா" என்று கத்தினாள். வேறொன்றும் இல்லை. உச்சியில் இருந்து அடி வரைக்கும் அந்தப் பெயர். கீழே ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை கைகாட்டியது, தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து. சின்னவளின் பெயரை இவ்வளவு உரக்க இந்த இரண்டு மாதத்தில் யாராவது சொன்னோமா? நீ அதைச் சுரூபத்தின் காதில் முணுமுணுக்கிறாய்.

காலுக்குப் பனிக்கட்டி வை. உப்புமூட்டை ஒத்தணம் வேண்டாம்.

அக்கா


பிக்கரிங்
24 மே 2009

அக்கா,

போர் முடிந்துவிட்டது என்கிறார்கள். நான் ரீவியை நிறுத்திவிட்டேன்.

நெடுஞ்சாலையை மறித்து எங்கள் சனம் இருந்த இரவு உங்களைத் தூரத்தில் கண்டேன். ஒரு கதிரை கொண்டுவந்திருந்தீர்கள், அதில் வேறு யாரோ கிழவி இருந்தா, நீங்கள் நின்றீர்கள். வந்து கதைக்கவேண்டும் என்று நினைத்தேன். கால் வரவில்லை.

தப்பி வந்த சனத்தை அடைத்து வைத்திருக்கிற முகாமிலிருந்து ஒரு பெண் தொடர்பு எடுத்தா. ஏப்பிரலில் புதுமாத்தளனில் சின்னவளைக் கண்டாவாம். சேலைன் போத்தல் கட்ட இடமில்லாமல் கையால் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். அதற்குப் பிறகு கண்டவர் இல்லை. முகாம் பெயர்களில் இல்லை. இறந்தவர் பெயர்களிலும் இல்லை, அங்கே பெயர் எழுத யார் இருந்தார்கள்.

மரியரட்ணம் அண்ணை இரங்கல் திருப்பலி ஒப்புக்கொடுப்போம் என்று வந்தார். நான் அவரை வெளியே போகச் சொல்லிவிட்டேன். உயிரோடு வந்து நிற்கும்வரை என்றுதான் நேர்ந்தேன். அவள் வரவில்லை. வராமல் விட்டாள் என்றும் இல்லை. நேர்த்தியை விட்டால், அவள் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டதாகும். அதை நான் செய்யமாட்டேன். என் தங்கச்சியை நான் சாகடிக்கமாட்டேன்.

ரதி மேல் அறைக்குப் போய்விட்டாள். அந்தக் காலோடு படி ஏறிப் போய்விட்டாள். "உங்கட நேர்த்தியோடை நீங்கள் இருங்கோ. அவள் என்ர சிநேகிதி. அவளுக்காக நான் செத்தமாதிரி இருந்தால் அவளே எனக்கு அடிப்பாள்" என்கிறாள். செப்ரெம்பரில் மொன்றியலுக்கு, இந்த முறை உண்மையாகவே, போகப்போகிறாளாம். திரும்பி வருவது பற்றிச் சொல்லவில்லை.

விட்டால் சின்னவள். விடாவிட்டால் ரதி. நீங்கள் கணக்கு ரீச்சர்தானே. இதைச் செய்து தாருங்கள்.

அல்பேட்


ஸ்காபரோ
7 யூன் 2009

என் அன்புத் தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுதத் தொடங்கி, கிழித்து, திரும்ப எழுதி, பிறகு எழுதுவதை விட்டுவிட்டு வேறு ஒரு வேலை செய்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரியரட்ணம் என்னிடமும் வந்தார். நானும் திருப்பலி வேண்டாம் என்றேன். "ரீச்சர், ஆத்துமா இளைப்பாறோணுமெல்லோ" என்றார். "அவள் இரவு வேலைக்காரி அண்ணை, இளைப்பாறிப் பழக்கமில்லை" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். இதில் நீயும் நானும் ஒரு பக்கம். யாரும் கடதாசி காட்டாமல் அவள் இல்லை என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். கேட்டுக்கொண்டே இருப்பேன், கேள்வி கேட்பதற்குத்தான் இவ்வளவு காலமும் சம்பளம் வாங்கினேன்.

ஆனால் ஒன்றை யோசி. நாளைக்கு அவள் வந்து கதவைத் தட்டுகிறாள் என்று வை. வருவாள் என்றுதானே நேர்ந்தாய். வந்து சப்பாத்தைக் கழற்றிவிட்டு முதலில் என்ன கேட்பாள்? "நீங்கள் எல்லாரும் எப்பிடி இருந்தனீங்கள்?" என்று கேட்பாள். நீ என்ன சொல்வாய்? வாசற்படி தாண்டாமல் இருந்தோம், ரதி போய்விட்டாள், அக்காவோடு கதைப்பதில்லை என்று சொல்வாயா? அவள் அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போவாள்.

நீ தந்த கணக்கைச் செய்தேன். ஒரு நேர்த்தியைக் கழிக்க முடியாவிட்டால் இன்னொன்றைக் கூட்டலாம்.

வெள்ளிக்கிழமை உன் கோயிலுக்கு வந்தேன். உன் வாசலுக்கு வரவேண்டாம் என்றாய், அந்தோனியார் வாசலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அதே சுரூபம். உரக்கவே சொன்னேன், பூ அடுக்கிக்கொண்டிருந்த பெண் திரும்பிப் பார்த்தா. என் தங்கை மரியம்மா வந்து நிற்கும்வரைக்கும், ஒவ்வொரு குளிர்காலமும், பனி பிடித்த பிறகு, என் தம்பி அல்பேட் ஒரு நாளாவது தன் மனைவியோடு மலைக்கு வந்து நிற்பான். பெயர் சொல்லித்தான் வைத்தேன்.

இப்போது உன் கால்கள் நேரப்பட்டிருக்கின்றன. வராமல் இருந்தால் ஒரு நேர்த்தி உடையும். வந்தால் மற்றது உடையும் என்பாய். உடையாது. உன் சொற்களைத் திரும்ப வாசித்துப் பார், சந்தோசத்துக்காகப் போகமாட்டோம் என்றுதான் நீ நேர்ந்தாய். கோயிலுக்கும் வைத்தியருக்கும் போகிற மாதிரி வா. முகத்தைத் தூக்கிக்கொண்டு வா. நேர்த்தி கழிக்க வா. இரண்டும் நிற்கும். சின்னவளை யாரும் சாகடிக்கத் தேவையில்லை.

அக்கா வேரோனிக்கா


பிக்கரிங்
12 யூன் 2009

என் கால்களை நேர உங்களுக்கு யார் உரிமை தந்தது? என்னை ஒரு சொல் கேட்டீர்களா?

அல்பேட்


ஸ்காபரோ
16 யூன் 2009

இல்லை.

அக்கா


பிக்கரிங்
19 டிசெம்பர் 2009

பெரியக்காவுக்கு,

ஆறு மாதம் எழுதவில்லை. கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம்தான், ஆனால் எழுத உட்கார்ந்தால் உங்களுடைய அந்த ஒரு சொல்லுக்கு மேல் என்னிடம் பதில் வரவில்லை.

அந்தோனியாரிடம் போய் முறையிட்டேன். இரண்டு பேரும் அவருக்கு முன்னால் வந்து ஆளுக்கொன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறோம். இதில் எது செல்லும் என்று கேட்டேன். அவர் சுரூபத்தில் இருக்கிறபடியே பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

ரதி செப்ரெம்பரில் போகவில்லை. பெட்டி அடுக்கினாள். உங்கள் கடிதத்தை அவளுக்கு நான் காட்டவில்லை, ஆனால் நீங்கள் சொல்லியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். "பனி விழட்டும், பாப்பம்" என்றாள். பெட்டி கூடத்தில் நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதைச் சுற்றி நடந்தோம். ஒக்ரோபர், நவம்பர் முழுக்க நான் யன்னலால் வானத்தைப் பார்த்தேன். பனி விழக்கூடாது என்று பார்த்தேனா, விழவேண்டும் என்று பார்த்தேனா என்று கேட்காதீர்கள்.

போன கிழமை விழுந்தது. காலையில் எழும்பி வர ரதி யன்னலடியில் நின்றாள். நான்தான், "உந்த மலைக்கு எவ்வளவு தூரம்?" என்றேன். "ரெண்டு மணித்தியாலம்" என்றாள். பிறகு கடுகு தாளித்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

முகாமைத் திறந்துவிடுகிறார்கள் என்று சொல்கிறார்கள். வெளியே வருகிறவர்களிடம் எல்லாம் கேட்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நான் நிறுத்தமாட்டேன் அக்கா. யார் போதும் என்று சொன்னாலும் நிறுத்தமாட்டேன்.

மரியரட்ணம் அண்ணைக்கு விஷயம் எப்படியோ போய்விட்டது. "அல்பேட், நீருமோ?" என்றார். "ஓம் அண்ணை, நேர்த்தி" என்றேன்.

வருகிற சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு உங்கள் கட்டடத்துக்குக் கீழே கார் நிற்கும். ரதி சறுக்கமாட்டாள், வைத்தியர் இந்த வருடம் விடவில்லை. அடியில் நின்று பார்ப்பாளாம். சறுக்கப் போவது நான். பிள்ளைகள் பழகுகிற சரிவு போதும். நான் விழுந்தால் நீங்கள் உதாரணம் சொல்லக்கூடாது.

சந்தோசத்துக்காக வரவில்லை என்று அந்தோனியாரிடம் தெளிவாகச் சொல்லிவிட்டேன். நேர்த்திக்காக வருகிறேன். அங்கே சந்தோசம் தானாக வந்தால் அது என் பிழை அல்ல, உங்களுடையது. சின்னவள் வந்து கேட்டாலும் உங்களைத்தான் காட்டுவேன்.

அல்பேட்